நார்மன் தந்தை இறந்தால் நிலம் யாருக்கு?

கேள்வி: பதினோராம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் குடியேறிய ஒரு நார்மன் குடும்பத்தைப் பற்றி நாவல் எழுதிவருகிறேன். தந்தை 1094-இல் இறக்கிறார். வட பிரான்சின் நார்மண்டியிலும் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷரிலும் அவருக்கு நிலம் உண்டு. மூன்று மகன்கள், ஒரு மகள். மகன்கள் மூவரும் சமபங்காகப் பிரித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறேன். இது சரியா? மேலும், குடும்பச் சின்னமும் 1066 முதலான வம்சாவளியும் தயாரித்துத் தருவதாக இணையத்தில் ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்; முதலில் பாகப்பிரிவினையைப் பார்ப்போம்.

சமபங்கு தவறு. நம் பத்திரங்களில் புழங்கும் இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொண்டால் விஷயம் எளிதாகப் புரியும். தந்தைக்கு அவருடைய தந்தையிடமிருந்து வந்த நார்மண்டி நிலம் பிதுரார்ஜிதம். 1066-இல் நார்மண்டியின் ஆட்சியாளர் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு வாளால் வென்றோ அரசரிடம் பெற்றோ அடைந்த இங்கிலாந்து நிலம் சுயார்ஜிதம். முன்னது மூத்த மகனுக்குப் போகும். பின்னதைத் தந்தை இன்னொரு மகனுக்குக் கொடுக்கலாம், பெரும்பாலும் இரண்டாமவனுக்கே கொடுத்தார். 1071-இல் இறந்த வில்லியம் ஃபிட்ஸ் ஆஸ்பெர்ன் என்ற நார்மன் பிரபுவின் நார்மண்டி நிலம் ஒரு மகனுக்கும், இங்கிலாந்தின் ஹெரஃபோர்டு பிரபுத்துவம் அவன் தம்பி ரோஜருக்கும் போயின. 1087-இல் வெற்றிவீரர் வில்லியம் இறந்தபோதும் நார்மண்டி மூத்தவர் ராபர்ட்டுக்கும், இங்கிலாந்து வில்லியம் ரூஃபஸுக்கும் கிடைத்தன. கடைக்குட்டி ஹென்றிக்கு ஒரு காணி நிலம்கூட இல்லாமல் 5,000 பவுண்டு வெள்ளி மட்டும் தரப்பட்டது. உங்கள் மூன்றாவது மகனும் ஹென்றியின் நிலையில்தான் இருப்பான். அவனுக்குப் பங்கு கொடுத்துத் திருப்திப்படுத்திவிட்டால் கதையில் மிச்சமென்ன இருக்கிறது?

விதிவிலக்குகள் பல உண்டு. ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும், ஏனென்றால் அது நீங்கள் தேர்ந்த அதே ஆண்டில், அதே ஊர்ப்பக்கத்தில் தொடங்குகிறது. ஷ்ராப்ஷரிலுள்ள ஷ்ரூஸ்பரியின் பிரபு மாண்ட்கோமரி ரோஜர் 1094-இல் இறந்தார். மூத்தவர் ராபர்ட் நார்மண்டி நிலத்தைப் பெற்றார். தாய் மேபலின் பெல்லேம் நிலம் அவருக்கு முன்பே வந்திருந்தது. இங்கிலாந்துப் பிரபுத்துவம் தம்பி ஹியூவுக்குப் போனது. இதுவரை எல்லாம் வழக்கப்படிதான். 1098-இல் ஆங்கிள்சீ தீவின் கரையில், நார்வே அரசர் மாக்னஸின் கப்பல்களிலிருந்து வந்த அம்பு பட்டு, பிள்ளையில்லாத ஹியூ இறந்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏற்கெனவே கால் ஊன்றியிருந்த ரோஜர், ஆர்னல்ஃப் என்ற இரண்டு தம்பிகள் உயிரோடுதான் இருந்தார்கள். ஆனாலும் அரசர் ரூஃபஸ் அவர்களைத் தாண்டி மூத்தவர் ராபர்ட்டுக்கே நிலத்தைக் கொடுத்தார், அதற்காக 3,000 பவுண்டு வாரிசுக் காணிக்கையும் வாங்கிக்கொண்டார். அன்று அச்சடிக்கப்பட்ட ஒரே காசு வெள்ளிப் பென்னி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. முழுவதையும் காசாகவே எண்ணிக் கொடுத்திருந்தால் 7,20,000 காசுகள், ஏறத்தாழ ஒரு டன் வெள்ளி. அதைச் சுமந்து போகும் வண்டிகளையும், வழியெல்லாம் காவல் நிற்கும் ஆட்களையும், ஓரமாக நின்று பார்க்கும் அந்த இரண்டு தம்பிகளையும் நினைத்துப் பாருங்கள். ஆகவே உங்கள் நாவலில் இரண்டாவது மகன் வாரிசின்றி இறந்தால், அவனுடைய நிலம் தானாகவே மூன்றாமவனுக்கு இறங்கிவிடும் என்று எழுதாதீர்கள். அரசர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், அவர் கை நீளும்.

இந்தச் செய்திகளில் பலவற்றை நமக்குச் சொல்பவர் ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி. ஷ்ரூஸ்பரி அருகே 1075-இல் பிறந்தவர். அவருடைய தந்தை இதே ரோஜர் பிரபுவிடம் ஊழியம் பார்த்த பாதிரியார். ஆனால் ஆர்டெரிக் வாழ்ந்த நார்மண்டி மடத்துக்கும் ராபர்ட்டின் தாய்வழியான பெல்லேம் குடும்பத்துக்கும் தீராப் பகை. ராபர்ட்டை அவர் அரக்கனாகவே வரைந்திருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

அண்ணன் தம்பி உயிரோடு இருக்கும்வரை மகளுக்கு வாரிசுரிமை இல்லை. திருமணத்தின்போது சீதனமாக நிலம் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

இனி அந்தத் தரகரிடம் வருவோம். 1094-இல் எந்த நார்மன் குடும்பத்துக்கும் பரம்பரைச் சின்னம் கிடையாது. அந்த வழக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில்தான் உருவாகிறது. 1066 வெற்றியைப் படங்களாகத் தைத்துக் காட்டும் பேயூ திரைச்சீலையில் கேடயங்களில் டிராகனும் சிலுவையும் வரையப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அவை அலங்காரங்கள், ஆளை அடையாளம் காட்டுபவை அல்ல. 1066-இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில் தாம் சாகவில்லை என்று காட்ட வில்லியம் தலைக்கவசத்தைத் தூக்கி முகத்தைக் காண்பிக்கும் காட்சி அதே சீலையில் இருக்கிறது; கேடயத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ள முடிந்திருந்தால் அவர் ஏன் கவசத்தைத் தூக்க வேண்டும்? பிற்காலத்திலும் இங்கிலாந்தில் சின்னம் ஒரு தனிமனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது. ஒரு பெயரைத் தட்டினால் அந்தப் பெயருக்கென்று சின்னம் வந்து விழும் என்பது வியாபாரிகளின் கதை.

வம்சாவளி இதைவிட மோசம். இவர்கள் வழக்கமாகக் காட்டும் ஆதாரம், வில்லியமோடு கடல் கடந்தவர்களின் பட்டியல் என்று சொல்லப்படும் பேட்டல் மடத்துச் சுருள். அதன் மூலம் இன்று இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலும் அதன் பிறகும் எழுதப்பட்ட பிரதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, தம் முன்னோரின் பெயரைப் பின்னால் நுழைத்துக்கொண்டவர்களும் உண்டு. மேலும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு மரம் வரைவதே அந்தக் காலத்துக்குப் பொருந்தாது: மேலே சொன்ன ஒரே தந்தையின் பிள்ளைகளில் மூத்தவர் பெல்லேம் ராபர்ட், அடுத்தவர் மாண்ட்கோமரி ஹியூ, இன்னொருவர் மனைவியின் நாட்டை வைத்துப் பொய்ட்டூக்காரர் ரோஜர். வாசகர் குழம்புவார் என்று பதிப்பாளர் முணுமுணுக்கலாம், பொருட்படுத்தாதீர்கள்.

இத்தகைய தரகர்கள் பிழைப்பதற்கு எங்கள் வரலாற்றுத் துறையும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சாசனங்களைப் பற்றி, பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் கட்டுரைகளைச் சந்தாவுக்குள் பூட்டி வைத்துவிட்டு, சாதாரண வாசகர் ஏமாறுகிறார் என்று கருத்தரங்குகளில் வருந்துகிறோம். நல்லவேளையாக, 1086-இல் அரசர் வில்லியம் எடுக்கச் செய்த டோம்ஸ்டே என்ற நிலக் கணக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஷ்ராப்ஷரில் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள். யார் கையில் இருந்தது, எத்தனை ஏர், எத்தனை குடியானவர்கள், 1066-க்கு முன் வைத்திருந்த ஆங்கிலேயர் யார் என்பதெல்லாம் பல ஊர்களுக்கு அதில் இருக்கும். அந்த ஆங்கிலேயரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது மகன் அனுபவிக்கப்போகும் சுயார்ஜிதம் அவரிடமிருந்து பிடுங்கப்பட்டதுதான்.