டாங்கியும் கடல் மணலும்: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை ரிமோட்டில் ஓட்டும் மாதிரி டாங்கி (சின்ன அளவுப் போர் வண்டி) பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டிருப்பவர்கள் எல்லாருமே ராமநாதபுரம் கரைக்காரர்கள், நானும் மண்டபத்தில் இருப்பவன், அதனால் நம் ஊர் மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்ற மாதிரியே பதில் சொல்கிறேன்.

கேள்வி (பாம்பன் வாசகர்): சார், என்னிடம் 1/16 அளவு (நிஜத்தில் 16-ல் ஒரு பங்கு) டைகர் டாங்கி, அதாவது இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கி இருக்கிறது. சக்கரங்களைச் சுற்றி ஓடும் பிளாஸ்டிக் செயினைக் கழற்றிவிட்டு உலோகச் செயின் போட்டேன். இரண்டாவது நாள் தெற்குவாடி மணலில் ஓட்டும்போது வலது பக்கம் டக் டக் என்று சத்தம். மோட்டார் சுற்றுகிறது, செயின் நகரவில்லை. கியர்பாக்ஸை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றால் ஆறு மாதத்தில் மறுபடி இதே கேள்வியை எழுதுவீர்கள்.

முதலில் சத்தம் வந்த பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். போன மாதம் ஒரு பையன் கொண்டுவந்ததை நான் பிரித்தேன். கிரீஸும் பொடிமணலும் சேர்ந்து, அம்மியில் வழித்த துவையல் போலப் பல் இடுக்கெல்லாம் அப்பியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால், கடைசிச் சக்கரத்தில் அடுத்தடுத்து மூன்று பல் மொட்டை, மீதிப் பற்களின் ஓரமெல்லாம் சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டு கிடந்தது. எப்போதும் கடைசிச் சக்கரம்தான் முதலில் போகும், ஏனென்றால் மோட்டாரிலிருந்து ஒவ்வொரு படியாக வேகம் குறையக் குறைய முறுக்குவிசை கூடிக்கொண்டே வந்து, மொத்தச் சுமையும் ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல் சக்கரம்) ஷாஃப்டில் இருக்கும் அந்தச் சக்கரத்தின் இரண்டு மூன்று பல்லில் வந்து நிற்கிறது. பிளாஸ்டிக் பல் பிளாஸ்டிக் செயினுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. உலோகச் செயினைப் பூட்டி, மணலில் நின்ற இடத்திலேயே வட்டமடித்தால் அது தாங்காது.

ஸ்டீல் பற்கள் உள்ள பெட்டி வாங்குங்கள், ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் வெறும் வளையமான புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்க வேண்டும், ஒன்று பழசு ஒன்று புதுசு என்று ஓட்டவே கூடாது. ஷாஃப்ட் நீளத்தை அளந்து எழுதி அனுப்புங்கள், இதில் குட்டை நெட்டை என்று வகை உண்டு, அரை சென்டிமீட்டர் மாறினாலும் ஸ்பிராக்கெட் செயினுக்கு நேராக நிற்காது.

அப்புறம் வேகம். கடைக்காரர் வேகமான பெட்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார், வாங்காதீர்கள். நிஜ டைகர் நல்ல சாலையில் மணிக்கு 40 கி.மீ. அளவுக்குத்தான் ஓடியது. அதை 16-ஆல் வகுத்தால் 2.5 கி.மீ., அதாவது நொடிக்கு 70 சென்டிமீட்டர், நாம் மெதுவாக நடக்கிற நடையை விடக் குறைவு. அந்த வேகம் வருகிற பெட்டி போதும். பல் விகிதம் (மோட்டார் வேகத்தைப் பெட்டி குறைக்கும் அளவு) கூடுதலாக இருந்தால் இழுவையும் கிடைக்கும், மோட்டாரும் சூடாகாது, பேட்டரியும் நின்று உழைக்கும்.

இனி பலர் விட்டுவிடும் இடத்துக்கு வருகிறேன். பெட்டி ஸ்டீல் ஆனதும் உடையும் இடம் மாறும், அது உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் அடித்தட்டில் போய் நிற்கும். ஸ்க்ரூ இறங்கும் குழல்கள் விரிந்து, ஷாஃப்ட் கோணம் மாறி, நல்ல பல்லும் தேயும். 2 மி.மீ. அலுமினியத் தகட்டை இரண்டு பெட்டிக்கும் குறுக்கே ஒரே துண்டாக வைத்து, இரண்டையும் அதில் பூட்டி, அந்தத் தகட்டை அடித்தட்டில் பூட்டுங்கள். குழல்களைச் சுற்றி அரால்டைட் ஊற்றி ஒரு நாள் முழுக்க விடுங்கள். நான் பார்த்த வண்டிகளில் இந்தத் தகடு போட்டது எதுவும் திரும்பி வரவில்லை.

மோட்டாரின் பினியனை (அதன் முனையில் இருக்கும் சின்னப் பல் சக்கரம்) எவ்வளவு நெருக்கமாகப் பூட்டுவது என்று தெரியாமல் பலர் இறுக்கிவிடுகிறார்கள். இரண்டு பல்லுக்கும் நடுவே நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்று கிழித்து வைத்து, பினியனை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முறுக்குங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாள் மடிப்பு மடிப்பாக வெளியே வரும். மடிப்பு தெளிவாக விழுந்து, தாள் கிழியாமல் வந்தால் இடைவெளி சரி.

ஸ்க்ரூ கழலாமல் இருக்க லாக்டைட் போடுவீர்கள். நீல நிறத்தது போதும், ஆனால் உலோகத்தில் உலோகம் இறங்கும் இடத்தில் மட்டும். ஒரு முறை நான் அடித்தட்டு ஸ்க்ரூவுக்கும் போட்டேன், மறுநாள் காலையில் குழலைச் சுற்றி முடி போல விரிசல். ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கும் அந்தத் திரவத்துக்கும் ஆகாது.

கேள்வி (கீழக்கரை வாசகர்): அண்ணே, புது மெட்டல் கியர்பாக்ஸ் போட்டதிலிருந்து வண்டி இடது பக்கமே இழுக்கிறது. ரிமோட்டில் டிரிம் (நேராக ஓடச் சரிசெய்யும் பொத்தான்) வைத்தும் சரியாகவில்லை. பெட்டியில் கோளாறா?

பதில்: பெட்டியைக் குறை சொல்லும் முன் செயின் இரண்டையும் கழற்றி, வண்டியை ஒரு செங்கல் மேல் ஏற்றி வைத்து, ஸ்பிராக்கெட்டை வெறுமனே ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் பெட்டியில் ஒன்றுமில்லை, இடது செயின் இறுக்கம் அதிகம். இடது மெதுவாகச் சுற்றினால் மோட்டார் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் மோட்டார், மாறாவிட்டால் பெட்டி. ஐந்து நிமிட வேலை இது. புதுப் பெட்டியை முதலில் சுமை இல்லாமல் பத்து நிமிடம் முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டிப் பழக்கியிருந்தால் நல்லது, இல்லையென்றால் இப்போது செய்யுங்கள்.

கேள்வி (தேவிபட்டினம் வாசகர்): ஐயா, என் டைகரின் சஸ்பென்ஷனை மாற்றி உலோகக் கைகளும் (சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் தண்டுகள்) கெட்டியான ஸ்பிரிங்கும் போட்டேன். வண்டி கம்பீரமாக உயர்ந்து நிற்கிறது. ஆனால் திருப்பும்போதெல்லாம் செயின் கழன்றுவிடுகிறது. ஸ்பிரிங் கெட்டியானால் நல்லதுதானே?

பதில்: இல்லை. உயர்ந்து நிற்கிறது என்று நீங்கள் சந்தோஷமாகச் சொல்வதுதான் நோயே. ஸ்பிரிங் எல்லாம் முழுக்க விரிந்து, கைகள் கடைசி வரை இறங்கித் தொங்குகின்றன. அந்த நிலையில் ஒரு சக்கரத்துக்குக் கீழே பள்ளம் வந்தால் கை அதற்கு மேல் இறங்க முடியாது, சக்கரம் செயினை விட்டு எழும்பும், செயினைச் சக்கரத்தில் நேராக நிறுத்தும் வழிகாட்டிப் பல் வெளியே சறுக்கும், நீங்கள் திருப்புகிற கணத்தில் கழலும்.

எவ்வளவு மென்மை வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. டைகரில் பக்கத்துக்கு 8 கைகள், மொத்தம் 16. வண்டி 5 கிலோ என்றால் ஒரு கைக்கு ஏறக்குறைய 300 கிராம். மேல்பகுதியைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து வைத்து, சக்கரம் போடாத கையின் முனையில் மளிகைக் கடைப் படிக்கல்லில் 200 கிராமும் 100 கிராமும் சேர்த்துத் தொங்காமல் ஏற்றி வைத்துப் பாருங்கள். கை மொத்தம் நகரக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அசையவே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் வண்டிக்கு இல்லை. கம்பியின் கனம் கொஞ்சம் மாறினாலே இதில் பெரிய வித்தியாசம் வரும்: அதே சுற்று, அதே அகலம் இருக்க, 1 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.2 மி.மீ. போட்டால் ஸ்பிரிங் இரண்டு மடங்கு கெட்டியாகிவிடும்.

நீங்கள் வாங்கிய கெட்டி ஸ்பிரிங் வீண் போகாது. முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி கைகளுக்கு அதை வைத்துக்கொண்டு, நடுவில் பழைய மென்மையானதையே போடுங்கள். பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவதும், கிளம்பும்போது பின்பக்கம் உட்காருவதும் முனைகளில்தான் விழும். நிஜ டைகரிலும் அதிர்வு தாங்கிகளை முதல் கையிலும் கடைசிக் கையிலும் மட்டும்தான் வைத்தார்கள். எல்லாம் பூட்டிய பிறகு வண்டியைக் கண்ணாடித் தட்டின் மேல் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே செயினோடு சேர்த்துத் தாள் நுழைகிறதா பாருங்கள். எங்கும் நுழையக் கூடாது.

இன்னொன்று, சின்ன வண்டி குதிப்பது பார்க்கப் பொம்மை மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. 1/16 அளவில் ஆட்டம் நிஜத்தை விட 4 மடங்கு வேகமாக நடக்கும். அதைக் கொஞ்சமாவது அடக்க, கைகள் திரும்பும் அச்சில் கெட்டியான சிலிகான் கிரீஸ் தடவுங்கள். பாலத்துப் படகு மாதிரி மெதுவாக எழுந்து அமரும், பார்க்கவே அழகாக இருக்கும். இந்த ஒரு வேலைக்காக நான் ஒரு மாலை முழுக்கச் செலவழித்திருக்கிறேன், அதற்குத் தகும்.

செயின் இறுக்கம் உங்கள் ஊருக்கும் பாம்பனுக்கும் ஒன்றல்ல. உங்கள் பக்கம் வடகடல், கரையெல்லாம் சேறு. சேறோ ஈர மணலோ ஸ்பிராக்கெட் பல்லுக்கு நடுவே அடைந்தால் செயின் தானாகவே இறுகும், அதனால் ஐட்லரை (செயினை இறுக்கும் முனைச் சக்கரம்) ஒரு புள்ளி தளர்த்தி வைத்துத்தான் இறக்க வேண்டும். அதோடு டைகரின் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டினாற்போல் இருக்கும். ரஷ்யப் பனியில் அந்த இடுக்கில் அடைந்த சேறு இரவில் உறைந்து சக்கரம் சுற்றாமல் போனது நிஜ டைகருக்கே நடந்தது. நம் ஊரில் உறைகிறதுக்கு வழியில்லை, ஆனால் சீமைக்கருவேல முள்ளும் சிப்பித் துண்டும் அதே வேலையைச் செய்யும். ஓட்டி முடித்ததும் பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு இடுக்கையும் தட்டி எடுங்கள்.

கேள்வி (தங்கச்சிமடம் மாணவர்): அண்ணா, எனக்கு நம் ராணுவத்தின் அர்ஜுன் டாங்கி செய்ய ஆசை. அதில் இருப்பது போல ஹைட்ரோ நியுமேட்டிக் (எண்ணெயும் வாயுவும் தாங்கும்) சஸ்பென்ஷனைச் சின்ன அளவில் செய்ய முடியுமா?

பதில்: ஆசை நல்ல ஆசை, தம்பி. ஆவடியில் வடிவமைத்து ஆவடியிலேயே கட்டும் வண்டி அது, நம் மாநிலத்துக்காரன் செய்யாமல் வேறு யார் செய்வது? அர்ஜுனில் ஸ்பிரிங் கம்பிக்குப் பதில் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு இருக்கிறது, கை மேலே வரும்போது எண்ணெய் போய் அந்த வாயுவை நெருக்கும், நெருங்க நெருங்க எதிர்ப்பு கூடும், அதனால் சின்னக் குழியில் மெத்தென்றும் பெரிய குழியில் கெட்டியாகவும் இருக்கும்.

இதை 1/16-ல் எண்ணெயும் வாயுவும் வைத்துச் செய்யப் போகாதே. எடையைப் பார்: நிஜ வண்டி 58.5 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 16-ல் ஒரு பங்கானால் எடை 4,096-ல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 14 கிலோ. நீ செய்யப்போகும் பிளாஸ்டிக் உடல் வண்டி அதில் பாதியைக்கூடத் தொடாது. அவ்வளவு லேசான சுமைக்கு எண்ணெய் கசியாமல் அடைக்கும் குட்டி சீலின் உராய்வே பெரிதாகிவிடும், கை அசையாது. அதற்குப் பதில் ஒரு கைக்கு இரண்டு ஸ்பிரிங் போடு, ஒன்று மென்மை, ஒன்று கெட்டி, முதலாவது பாதி அமுங்கிய பிறகே இரண்டாவது தொடும்படி. மெத்தென்று தொடங்கிக் கெட்டியாக முடியும், அர்ஜுனின் நடை உன் கைக்கு வரும்.

கேள்வி (தொண்டி வாசகர்): ஸ்டீல் பெட்டி போட்டு இரண்டு மாதத்தில் பேரிங் துருப்பிடித்துக் கரகரவென்கிறது. செயினில் வெள்ளைப் பொடி வேறு. தண்ணீர் பக்கமே கொண்டுபோகவில்லை.

பதில்: தண்ணீருக்குப் போகத் தேவையே இல்லை, நம் காற்று போதும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மழை நாளில் அடுப்படி உப்பு ஜாடி கசிவது போலத்தான். செயின் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது, வெள்ளைப் பொடி அதன் துரு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து பறக்கும், அப்போது மொட்டை மாடியில் ஓட்டினாலும் இதேதான்.

ஓட்டி முடித்ததும் முதலில் காய்ந்த பிரஷ், பிறகு நல்ல தண்ணீரில் பிழிந்த துணி, பிறகு நிழலில் உலர்த்தல். செயினுக்கும் ஸ்க்ரூ தலைக்கும் துணியில் நனைத்த தையல் மெஷின் எண்ணெய் ஒரு பூச்சு. பேரிங்கை இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாக மாற்றுங்கள், வெறும் தகட்டு மூடி பொடிமணலைத் தடுக்காது. ஸ்டீல் பல்லுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ், அதுவும் பல்லில் மினுங்கும் அளவுக்கு மட்டும், அள்ளி அப்பினால் அது மணல் பிடிக்கும் பசையாகிவிடும். படகு ஷாஃப்டுக்குப் போடும் கப் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும், ஐட்லர் அச்சுக்கு அதைப் போடலாம், ஆனால் பல்லுக்கு வேண்டாம், கனம் அதிகம், மோட்டார் திணறும். அலுமினியக் கையில் இறங்கும் ஸ்டீல் ஸ்க்ரூவுக்கும் கிரீஸ் தொட்டுப் பூட்டுங்கள். இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்தால் அடுத்த முறை ஸ்க்ரூ திரும்பாது, தலைதான் மழுங்கும்.

கேள்வி (சாயல்குடி வாசகர்): அலுமினியத் தகடு, பித்தளை புஷ் எல்லாம் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். படகு வேலை பார்க்கும் எந்த லேத் பட்டறையிலும் இரண்டையும் செய்து தருவார்கள், அட்டையில் வெட்டிய மாதிரியும் பழைய புஷ்ஷும் கையில் கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் அளவு தவறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையேறிப் பட்டறைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதனால் பங்குனிக்குள் கொடுத்து வாங்கிவிடுங்கள்.