எண்ணியதும் எதிர்பார்த்ததும்: மரபியல் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இளநிலைப் பட்டப்படிப்பில் மரபியல் தாள் பயிலும் மாணவர்களிடமிருந்தும், ஒரு மாணவியின் தாயாரிடமிருந்தும் வந்த ஐந்து கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதிலளிப்பவர், அத்தாளை முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, இப்போது ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரைகளைக் கேட்கிறேன். 3:1, 9:3:3:1 ஆகிய விகிதங்களை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறேன். கணக்கைச் சற்று மாற்றிக் கேட்டால் திகைத்துவிடுகிறேன். மொழிதான் காரணமா?
(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி, தென்காசி)

பதில்: மொழி காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆங்கிலவழியில் படித்து வந்தவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். விந்தணு, முட்டை ஆகிய இனச்செல்கள் உருவாகையில் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பைச் செல்லியல் தாளிலும், பண்புகள் தலைமுறைகளுக்கு இறங்கும் விதம் பற்றிய மெண்டலின் விதிகளை மரபியல் தாளிலும் தனித்தனியே படிப்பதால், இரண்டும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பது மாணவர் கண்ணில் படுவதே இல்லை. மெண்டல் தம் கட்டுரையை வெளியிட்ட 1866-இல் குரோமோசோம்களின் நடத்தை பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. அவரது காரணிகளும் (இன்று நாம் ஜீன்கள் என்பவை) குரோமோசோம்களும் ஒரே விதமாகப் பிரிகின்றன என்பதைச் செல்லியலாளர்கள் சட்டனும் பொவேரியும் 1902, 1903 ஆண்டுகளில்தான் எடுத்துக்காட்டினார்கள். மெண்டலுக்குத் தெரியாத அந்தச் செய்தி உங்களுக்குத் தெரியும் என்பதால், அதைப் பயன்படுத்தாமல் விகிதத்தை மட்டும் உருப்போடுவது வீண் சிரமம்.

இரண்டு வண்ணப் பென்சில்களை எடுத்து, தாயிடமிருந்து வந்தவற்றைச் சிவப்பிலும் தந்தையிடமிருந்து வந்தவற்றை நீலத்திலுமாக, ஒரு நீள இணையும் ஒரு குட்டை இணையுமாக நான்கு குரோமோசோம்கள் கொண்ட செல் ஒன்றை வரையுங்கள். முதல் குன்றல் பகுப்பின் நடுநிலையில் இவ்விரு இணைகளும் இரண்டு விதமாக அணிவகுக்க முடியும் என்பதையும், அவ்விரண்டிலிருந்தும் சேர்த்து நால்வகை இனச்செல்கள் சம அளவில் கிடைக்கும் என்பதையும் உங்கள் கையே கண்டுபிடித்துவிடும். இணைக்கு ஒரு ஜீனாக வைத்து அந்த இனச்செல்களைக் கலந்தால், 9:3:3:1 அதன் பிறகு தானாக வந்து நிற்கும். அடுத்து, இரண்டு ஜீன்களையும் ஒரே குரோமோசோமின் மேல் வைத்து மறுபடியும் வரைந்தால் அந்த விகிதம் உடைந்துபோவதைக் காண்பீர்கள். பிணைப்பு என்ற பாடம் அங்கிருந்து தொடங்குகிறது. ஆல்ஃபிரெட் ஸ்டர்டிவண்ட் என்ற இளநிலை மாணவர் 1911-இல் ஒரே இரவில், வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, இவ்வாறு உடைந்த விகிதங்களைக் கொண்டே உலகின் முதல் ஜீன் வரைபடத்தைப் போட்டார். உங்கள் ஆசிரியரிடம் இதை ஒரு சாக்காகச் சொல்ல வேண்டாம்.

தமிழ்க் கலைச்சொற்களில் ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஜீனின் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் பண்பை ‘ஓங்கு’ என்றும், இரு பிரதிகளும் இருந்தால்தான் வெளிப்படுவதை ‘ஒடுங்கு’ என்றும் சொல்கிறோம். ‘ஓங்கு’ என்றால் வலியது, பெரும்பான்மையானது என்றும், ‘ஒடுங்கு’ என்றால் அரியது என்றும் நம் காதில் ஒலிக்கிறது. ஓ வகை இரத்தம் ஒடுங்கு பண்புதான். ஆனால் உங்கள் வகுப்பிலேயே அந்த வகையினர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வெள்ளைக் கண் பெண் பழ ஈக்களைச் சிவப்புக் கண் ஆண் ஈக்களுடன் கலந்தோம். முதல் தலைமுறையில் பெண்கள் அனைத்தும் சிவப்புக் கண்ணுடனும் ஆண்கள் அனைத்தும் வெள்ளைக் கண்ணுடனும் இருக்க வேண்டும் என்று விரிவுரையில் சொன்னார்கள். எங்களுக்கு 41 சிவப்புக் கண் பெண்கள், 47 வெள்ளைக் கண் ஆண்கள், இவற்றோடு 11 வெள்ளைக் கண் பெண்கள் கிடைத்தன. அந்தப் பதினொன்றைச் செய்முறைப் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று உடன் பயில்பவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
(மூன்றாம் ஆண்டு மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: எழுதுங்கள். உங்கள் செய்முறையிலேயே மதிப்புமிக்க எண் அந்தப் பதினொன்றுதான்.

மரபியலாளர் மார்கன் 1910-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த வெள்ளைக் கண் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. மகன் தன் ஒரே எக்ஸைத் தாயிடமிருந்து பெறுவதால் வெள்ளைக் கண்ணனாகிறான்; மகள் தந்தையிடமிருந்தும் ஓர் எக்ஸைப் பெறுவதால் சிவப்புக் கண்ணைப் பெறுகிறாள். ஆகவே வெள்ளைக் கண்ணுடன் ஒரு மகள் பிறந்திருக்கிறாள் என்றால், நீங்கள் விட்ட சிவப்புக் கண் தந்தையின் எக்ஸ் அவளிடம் வரவில்லை என்றுதான் பொருள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நீங்கள் கலப்புக்கு எடுத்த தாய் ஈ, மூலக் குப்பியிலேயே வெள்ளைக் கண் ஆணுடன் இணைந்து விந்தணுக்களைச் சேமித்து வைத்திருக்கலாம். அல்லது, தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் குன்றல் பகுப்பில் பிரியாமல் ஒரே முட்டைக்குள் சென்றிருக்கலாம்.

இரண்டாவது வழியைக் கண்டறிந்தவர் மார்கனின் மாணவர் கால்வின் பிரிட்ஜஸ். அவ்வாறு பிறந்த மகளிடம் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருப்பதை அவர் நுண்ணோக்கியில் கண்டு, ஜீன்கள் குரோமோசோம்களின் மேல்தான் இருக்கின்றன என்பதற்கு 1916-இல் அசைக்க முடியாத சான்றளித்தார். பிறர் கணக்கில் சேராதவை என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஈக்கள்தாம் அவருக்குச் சான்றாயின. ஆனால் உங்கள் குப்பியில் நிகழ்ந்தது அதுவன்று என்று உங்கள் எண்களே சொல்கின்றன. எக்ஸ் பிரியாமை ஏறத்தாழ இரண்டாயிரம் ஈக்களில் ஒன்றில் தென்படும் அரிய நிகழ்வு. உங்களுக்கோ தொண்ணூற்றொன்பதில் பதினொன்று வந்திருக்கிறது. மேலும், எக்ஸ் இல்லாத முட்டைகளும் அதே அளவில் உருவாகியிருக்கும் என்பதால், அவற்றில் தந்தையின் எக்ஸ் மட்டும் சேர்ந்து, சிவப்புக் கண்ணுடைய மலட்டு ஆண்களும் சில பிறந்திருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்றுகூட இல்லை. தாய் ஈக்களில் சில கன்னி ஈக்கள் (அதுவரை இணைசேராதவை) அல்ல என்ற முடிவை இந்தக் காரணங்களோடு பதிவேட்டில் எழுதினால், எந்தத் தேர்வாளரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார். குறைத்தால் அது அவருடைய குறை.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். மாணவனாக இருந்தபோது, மாலை ஐந்து மணிக்குக் குப்பியைக் காலிசெய்துவிட்டு மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து, அதுவரை வெளிவந்திருந்த பெண்களையெல்லாம் கன்னி ஈக்கள் என்று சீட்டு ஒட்டினேன். சித்திரை மாத வெயிலில், அறை வெப்பத்தில், பதினேழு மணி நேரம்! கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பெண் ஈ 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்குள் இணைசேரத் தயாராகிவிடும். இரண்டு தலைமுறைகளை எண்ணி முடித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. குப்பியை 18 டிகிரியில் வைத்தால் இரவு முழுவதும் அவகாசம் கிடைக்கும். உடல் வெளிறி, வயிற்றின் அடிப்புறத்தில் கரும்புள்ளி ஒன்று ஒளி ஊடுருவித் தெரியும் ஈக்களை எடுத்தால் இன்னும் நல்லது. எடுத்தவற்றை மூன்று நான்கு நாட்கள் தனிக் குப்பியில் வைத்திருந்து, உணவில் புழுக்கள் ஊர்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கலப்புக்கு விடுங்கள். புழு தெரிந்தால் அந்தக் குப்பியையே கழித்துவிடலாம். கோடையில் இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: தொடர்ந்து 30 டிகிரிக்கு மேல் வளரும் ஆண் ஈக்கள் மலடாகிவிடுகின்றன.

கேள்வி: இரண்டாம் தலைமுறையில் நூறு ஈக்களை எண்ணியதில் 68 இயல்பான இறகுடனும் 32 குறை இறகுடனும் இருந்தன. 75:25 வரவில்லையே, செய்முறை தோல்வியா?
(மாணவி, நாகர்கோவில்)

பதில்: தோல்வி இல்லை. எண்ணியதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள விலகல் தற்செயலானதா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனையைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் இரு பக்கமும் 7. அதன் வர்க்கம் 49. அதை 75-ஆல் வகுத்தால் 0.65, 25-ஆல் வகுத்தால் 1.96; கூட்டினால் 2.61. இரண்டே வகைகள் உள்ள கணக்கில் ஐந்து விழுக்காட்டு எல்லை 3.84 என்பதால், 3:1 என்ற கருதுகோளைக் கைவிட உங்கள் எண்கள் போதுமானவை அல்ல. உண்மையில் 3:1 ஆக இருக்கும் கலப்பிலும், தற்செயலாகவே பத்தில் ஒரு முறை இவ்வளவு விலகல் வரும். ஆனால் இதே விகிதம் நானூறு ஈக்களில், அதாவது 272:128 என்று வந்திருந்தால், விடை 10.45 ஆகி எல்லையைத் தாண்டியிருக்கும். விழுக்காட்டை வைத்து இந்தச் சோதனையைப் போடக் கூடாது, எண்ணிய எண்ணிக்கையை வைத்தே போட வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

பட்டாணிச் செடிக் கலப்பில் மெண்டலுக்கு 5474 உருண்டை விதைகளும் 1850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன, விகிதம் 2.96:1. அவரது முடிவுகள் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் எதிர்பார்ப்புக்கு அளவுமீறிப் பொருந்துகின்றன என்று புள்ளியியலாளர் ஃபிஷர் 1936-இல் ஐயம் எழுப்பினார். மெண்டல் நேர்மையற்றவர் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு வகுப்பின் முப்பது பதிவேடுகளிலும் 75:25 என்று இருந்தால், அந்த முப்பதில் எதையும் நம்ப மாட்டேன்.

கேள்வி: என் மகள் மரபியல் செய்முறைக்காக வீட்டில் எல்லோருடைய நாக்கையும் சோதித்தாள். எனக்கும் என் கணவருக்கும் நாக்கைக் குழல்போல் உருட்ட வரவில்லை, அவளுக்கு வருகிறது. ஓங்கு பண்பு பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் பிள்ளைக்கு வராது என்று சொல்லிக் குழம்பிப்போயிருக்கிறாள். விளையாட்டாகத் தொடங்கியது, வீட்டில் சங்கடமாகிவிட்டது.
(வாசகி, மதுரை)

பதில்: அம்மா, குழம்ப வேண்டியது அந்தச் செய்முறையை இன்னும் பாடத்தில் வைத்திருப்பவர்கள்தாம். நாக்கை உருட்டுவது ஒரே ஜீனால் தீர்மானிக்கப்படும் ஓங்கு பண்பு என்று 1940-இல் எழுதியவர், முன்பு நான் குறிப்பிட்ட அதே ஸ்டர்டிவண்ட். 1952-இல் மேட்லாக் என்பவர் ஒருகரு இரட்டையர் 33 இணைகளைச் சோதித்தபோது, அவற்றில் ஏழு இணைகளில் ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. ஜீன்கள் ஒன்றாகவே உள்ள இருவரிடம் இந்த வேறுபாடு இருப்பதால், இதை எளிய மெண்டல் பண்பாகக் கொள்ள இயலாது. ஸ்டர்டிவண்டே பின்னாளில் தம் கருத்தைக் கைவிட்டார். பயிற்சியாலும் சிலருக்கு இது வருகிறது. ஆகவே நாக்கை வைத்து யாருடைய பிறப்பைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது.

அடுத்து இரத்த வகைப் பட்டியலோடு அவள் வந்து நிற்கக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரத்த வகைகள் மெண்டலின் விதிப்படி இறங்குபவைதாம் என்றாலும் அங்கும் விலக்கு உண்டு. 1952-இல் மருத்துவர் பெண்டேயும் அவருடன் பணியாற்றியோரும் பம்பாயில் கண்டறிந்த அரிய வகையினர், வழக்கமான சோதனையில் ஓ வகையாகவே தென்படுவார்கள். ஏ, பி ஆகிய பொருள்கள் உருவாவதற்கு அடிப்படையான ஹெச் என்னும் பொருளை உண்டாக்கும் ஜீன் அவர்களிடம் செயல்படுவதில்லை. தம்மிடம் மறைந்திருக்கும் ஏ அல்லது பி ஜீனை அவர்கள் பிள்ளைக்குத் தரலாம்; பிள்ளை அதை வெளிக்காட்டலாம். வகுப்பில் குடும்பத்தினரைச் சோதித்து வரச் சொல்லும் ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வம்சாவளிப் பயிற்சிக்குப் பாடப்புத்தகக் குடும்பங்களே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: வெங்காய வேர்நுனிச் செய்முறையில் எத்தனை முறை பார்த்தாலும் பகுபடும் செல்லே கண்ணில் படவில்லை.
(முதலாண்டுத் தாவரவியல் மாணவர், திருவாரூர்)

பதில்: பெரும்பாலும் நீங்கள் வேரின் தவறான பகுதியைப் பார்க்கிறீர்கள். செல் பகுப்பு நடப்பது நுனியில் ஓரிரு மில்லிமீட்டரில்தான். அதற்கு மேலே உள்ளவை நீண்டு வளர்ந்துவிட்ட செல்கள். வேரைக் காலையிலேயே வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கரைசலில் உடனே போடுங்கள். பின்னர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெதுவெதுப்பாக மென்மையாக்கி, சாயமேற்றி, நன்கு நிறம் பிடித்த நுனியை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். மூடுவில்லையின் மேல் உறிதாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் வழுக்கினால் செல்கள் சுருண்டு பாழாகிவிடும். நல்ல தயாரிப்பிலும் பெரும்பான்மையான செல்கள் ஓய்வுநிலையில்தான் இருக்கும் என்பதால், குறைந்த உருப்பெருக்கத்தில் வில்லை முழுவதையும் ஒருமுறை துழாவிவிட்டுப் பிறகு உருப்பெருக்கத்தைக் கூட்டுங்கள்.

கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் பணியாற்றி, 1945-இல் ஆங்கிலேயச் செல்லியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட ஜானகி அம்மாளின் துறைக்கு அடிப்படையும் இப்படி நுண்ணோக்கியில் செல்செல்லாக எண்ணும் வேலைதான். கரும்பில் நூறை ஒட்டியும் தாண்டியும் குரோமோசோம்கள் உண்டு. வெங்காயத்தில் 16 மட்டுமே. உங்களுக்கு 14 அல்லது 15 என்று வந்தால், ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கக்கூடும். வந்த எண்ணை அப்படியே குறித்துக்கொண்டு, பக்கத்துச் செல்லை எண்ணத் தொடங்குங்கள்.