மாற்றுச் சிறுநீரகமும் டெங்குவும்: கேள்வி பதில்

மழைக்காலம் வந்தாலே இந்தக் கேள்விகளும் வந்துவிடுகின்றன. சிறுநீரக மருத்துவனாக எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருச்சி: அப்பாவுக்கு மாற்று அறுவை முடிந்து மூன்று வருஷம். இரண்டு நாளாக 100 டிகிரிதான் காய்ச்சல். டெங்குவாக இருக்குமா?

இருக்கலாம். 'நூறுதானே' என்று விடாதீர்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் பெரிதாக ஏறாமலே டெங்கு வரும். முதல் ஐந்து நாளுக்குள், டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை எடுங்கள். வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புரதத்தைத் தேடும் பரிசோதனை மட்டும் எடுத்து, 'நெகட்டிவ்' என்று நிம்மதியடைய வேண்டாம். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் அது தாமதமாகத் தெரியலாம். சந்தேகம் தீராவிட்டால், வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை.

பிளேட்லெட்டும் வெள்ளணுவும் டெங்குவில் மட்டும் குறைவதில்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட், சிஎம்வி என்ற வைரஸுக்குத் தரும் வால்கன்சிக்ளோவிர் மாத்திரைகளும், அந்த சிஎம்வி வைரஸும்கூடக் குறைக்கும். பக்கத்து கிளினிக்கில் இதைப் பிரித்துப் பார்ப்பது சிரமம். அறுவை செய்த மருத்துவமனைக்கு இன்றே போன் செய்யுங்கள்.

கடலூர்: உடம்பு வலி தாங்கவில்லை, டைக்ளோஃபெனாக் ஊசி போடலாமா?

கூடாது. பாராசிட்டமால் மட்டும். வலி ஊசி ரத்தக்கசிவைத் தூண்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சேலம்: உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்கத் தரும் டேக்ரோலிமஸைக் காய்ச்சல் விடும்வரை நிறுத்தி வைக்கலாமா?

நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். சிலருக்கு மைக்கோஃபினோலேட்டைக் கொஞ்ச நாள் நாங்களே நிறுத்துவதுண்டு, ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு. ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் ரத்த அழுத்தம் சரியும். அது டெங்கு அதிர்ச்சியா, ஸ்டீராய்டை விட்டதாலா என்று நாங்கள் திணற வேண்டியிருக்கும்.

மதுரை: பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

வேண்டாம். டேக்ரோலிமஸ் ரத்தத்தில் ஒரு குறுகிய அளவுக்குள் நிற்க வேண்டிய மருந்து. குறைந்தால் உடம்பு உறுப்பை நிராகரிக்கும், கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதோடு எதையும் கலந்து சோதித்துப் பார்க்க இது நேரமில்லை.

மதுரை, மறுபடி: என் மாமாவுக்கு அதைக் குடித்துத்தான் மூன்றே நாளில் பிளேட்லெட் முப்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சமானது.

மாமா தேறியதில் மகிழ்ச்சி. ஆனால் ஆபத்தான கட்டம் தாண்டினால் பிளேட்லெட் தானாகவே ஏறும், சாறு குடிக்காதவருக்கும். டெங்குவில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது பிளேட்லெட் எண்ணிக்கை அல்ல. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுவதுதான். அறிக்கையில் பிளேட்லெட்டுக்குப் பக்கத்திலேயே பிசிவி என்று ஒரு எண் இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று சொல்வது. அது ஏறுகிறதா என்று பாருங்கள்.

தஞ்சாவூர்: சித்த மருத்துவத்தை மட்டம் தட்டுகிறீர்களே?

இல்லை ஐயா. மற்றவர்கள் நிலவேம்புக் குடிநீர் குடிப்பதைப் பற்றி நான் பேசவே இல்லை. மாற்று உறுப்போடு இருப்பவருக்கு மட்டும் சொல்கிறேன். அவருக்கு ஆங்கில மருந்தையும் இப்படித்தான் தடுப்பேன். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தாலே டேக்ரோலிமஸ் அளவு எகிறிவிடும்.

ஈரோடு: பப்பாளி மாத்திரையாகக் கொடுத்தால்?

அதே பதில்.

கோவை: தானம் தருபவரிடமிருந்து வைரஸ் வருமா?

வரும். 2002-இல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற 4 பேருக்கும் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றியது. அதுவும் கொசுவால் பரவுவதுதான். அந்தக் கொடையாளருக்கோ, இறப்பதற்குமுன் ஏற்றிய ரத்தம் வழியாக வந்திருந்தது. அடுத்த ஆண்டே அங்கே தான ரத்தத்தில் அந்த வைரஸைத் தேடும் பரிசோதனை தொடங்கியது. டெங்குவும் உறுப்பு வழியாகத் தொற்றியிருக்கிறது. உங்களுக்குத் தரப்போகும் அண்ணனுக்கோ அம்மாவுக்கோ லேசாகக் காய்ச்சல் இருந்தாலும் மறைக்காதீர்கள். தேதியைத் தள்ளி வைக்கலாம்.

சென்னை: டெங்கு தடுப்பூசி?

கியூடெங்கா உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்தது. மாற்று செய்தவர்களுக்குக் கூடாது.

நெல்லை: இரவில் கொசுவலைக்குள்தான் படுக்கிறோம், போதுமா?

போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், இழுத்துப் பாருங்கள். நெளியும் புழு தெரிந்தால் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

வேலூர்: பிளேட்லெட் நாற்பதாயிரம். ஏற்றச் சொல்லலாமா?

ரத்தக்கசிவு இல்லையென்றால் அந்த எண்ணுக்காக ஏற்றத் தேவையில்லை. மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருச்சி, மறுபடி: என்எஸ்1 பாசிட்டிவ், வார்டில் சேர்த்தோம். இன்று காய்ச்சல் விட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா?

இப்போது வேண்டாம். காய்ச்சல் இறங்கும்போதுதான் கசிவு தொடங்கும். இன்னும் 48 மணி நேரமாவது வார்டிலேயே இருக்கட்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, இதில் எது வந்தாலும் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். சிறுநீரை அளந்து எழுதி வையுங்கள். குளுக்கோஸ் பாட்டிலை வேகமாக ஓட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அளவு மீறினால் அது நுரையீரலில் போய்த் தேங்கும்.