மூன்று ஆண்டு கேட்கிறார்கள், எனக்கு இரண்டுதான்

கேள்வி: பி.காம். முடித்து, புதுப்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகக் கடையில் இரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம் கணக்கு உதவியாளர் வேலைக்கு மூன்று ஆண்டு அனுபவம், டேலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் ஆகியவற்றைக் கேட்கிறது. எனக்கு டேலி தெரியும். ரிட்டர்ன் தாக்கலை எங்கள் ஆடிட்டரே செய்துவிடுகிறார். கொள்முதல் பில்களை, விற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் பதிவுசெய்த பில்களைக் காட்டும் 2பி பட்டியலோடு ஒத்துப்பார்த்து அவரிடம் கொடுப்பது மட்டுமே என் வேலை. கேட்ட தகுதி இல்லாமல் எதற்கு அனுப்ப வேண்டும் என்கிறார் அப்பா. விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை-11

பதில்: தாராளமாக விண்ணப்பியுங்கள். அப்பாவின் தயக்கம் புரிகிறது. டிஎன்பிஎஸ்சி தேர்வென்றால், அறிவிக்கை நாளன்று உரிய கல்வித் தகுதி இல்லாதவரின் விண்ணப்பம் நிற்காது. மருந்தாளுநருக்குக் கவுன்சில் பதிவு, கனரக வாகன ஓட்டுநருக்கு உரிமம் என்று சட்டம் கேட்பவற்றிலும் விட்டுக்கொடுப்பு இல்லை. தனியார் நிறுவனம் கேட்கும் 'மூன்று ஆண்டு' அந்த வகையைச் சேர்ந்ததன்று. பல நேரங்களில், வேலையை விட்டுப் போனவர் செய்துகொண்டிருந்த அத்தனையையும் எழுதி விளம்பரமாக்கிவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது 'மட்டுமே' என்ற சொல். மாதந்தோறும் 14-ஆம் தேதி உருவாகும் 2பி பட்டியலில் ஏறாத பில்லுக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. அப்படி விடுபட்ட பில்லைக் கண்டுபிடித்து, விற்றவரை விடாமல் அழைத்துக் கேட்டு, 20-ஆம் தேதிக்குள் 3பி என்னும் மாத ரிட்டர்ன் தாக்கலுக்குக் கணக்கைத் தயார்செய்வதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. அதைத்தான் நீங்கள் செய்துவருகிறீர்கள். போர்ட்டலில் விவரங்களை ஏற்றித் தாக்கல் செய்வதைச் சில நாட்களில் பழகிவிடலாம்.

ஆகவே விண்ணப்பத்தைக் குறையிலிருந்து தொடங்காதீர்கள். மாதம் எத்தனை பில்களைப் பார்க்கிறீர்கள், விடுபட்டவற்றை எப்படிச் சரிசெய்கிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இரண்டு ஆண்டை மூன்றாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அனுபவச் சான்றிதழில் நீங்கள் சேர்ந்த தேதி இருக்கும். தாக்கல் செய்ததுண்டா என்று நேர்காணலில் கேட்டால், இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டு, அதற்கு முந்தைய படிகள் முழுவதையும் விளக்குங்கள். இந்த மாதம் தாக்கல் செய்யும்போது அருகில் அமர்ந்து பார்க்கலாமா என்று ஆடிட்டரிடம் இன்றே கேட்டுவையுங்கள். 20-ஆம் தேதி நெருங்கிவிட்டால் அவருக்குப் பேச நேரம் இருக்காது.