பெங்களூருக்கு பி.ஆர். வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சியில் சேரப்போவதாகச் சொல்லி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வாடகை எவ்வளவு ஆகும், கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா, ஆளாளுக்கு இன்ஸ்டாகிராமில் செய்தி போடும் காலத்தில் இந்த வேலை நிலைக்குமா என்று. வாடகையை வந்து பார்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் என் அனுபவத்தில் ஒரே கேள்விதான்.

நான் சேலத்திலிருந்து 2003-ல் வந்தேன். அப்போது பி.ஆர். என்றால் அலைச்சல். பிரஸ் ரிலீஸை இருபது ஜெராக்ஸ் எடுத்து, பழுப்புக் கவரில் போட்டு, எம்.ஜி. ரோடு, குயின்ஸ் ரோடு, இன்ஃபன்ட்ரி ரோடு என்று ஒவ்வொரு பத்திரிகை ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். ஒரு கன்னட நாளிதழில் வயதான சப் எடிட்டர் ஒருவர் இருந்தார். "கன்னட பருத்தா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். உட்காரச் சொல்லாமலே கவரைப் பிரித்து, 'முன்னணி நிறுவனம்' என்ற இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு, "யாரு ஹேளித்து?" என்றார். யார் சொன்னது என்று கேட்கிறார் என்பதே எனக்குப் படியிறங்கி வந்து டீக்கடைக்காரரிடம் கேட்டபிறகுதான் புரிந்தது. அன்றைக்கு அழுகை வந்தது. பிறகு ஐந்தாறு வருஷம் அந்தச் சிவப்புக் கோடுதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

இப்போது அந்தச் சப் எடிட்டரின் மேசை நடுவில் இல்லை. நீங்கள் எழுதி பட்டனை அழுத்தினால் நேரே ஊருக்குப் போய்விடும். வேலை சுலபமாகிவிட்டது என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். நிறுத்திக் கேட்க ஆளில்லாமல் போனதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

2012 ஆகஸ்ட்டில் இந்த ஊரில் அதைக் கண்ணால் பார்த்தேன். வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ்.ஸிலும் ஃபேஸ்புக்கிலும் வதந்தி. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் மூட்டையோடு சிட்டி ஸ்டேஷனில் குவிந்தார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில் விட்டார்கள். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்பக்கூடாது என்று மத்திய அரசே நாடு முழுக்கத் தடை போடும் அளவுக்குப் போனது.

நம் முறை 2016 செப்டம்பர் 12-ல் வந்தது. காவிரியில் வினாடிக்கு 12,000 கன அடி திறக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டு நம்பர் பிளேட் போட்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன. ஊரில் 16 போலீஸ் ஸ்டேஷன் எல்லைகளில் ஊரடங்கு. நான் அல்சூர் வீட்டில் கதவைச் சாத்தி உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கிளையன்ட் ஹோட்டல் ஒன்றின் ட்விட்டரில், "இன்று மாலை ஊரைக் கொண்டாடுங்கள், 20 சதவீதத் தள்ளுபடி" என்று போகிறது. போன வாரமே நான் ஷெட்யூல் செய்து வைத்தது! நான்கு நிமிஷத்தில் அழித்தேன். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் ஊர் சுற்றிவிட்டது. ஆங்கிலத்தில் மன்னிப்புப் போட்டோம், திட்டு இரண்டு மடங்கானது. கீழ்வீட்டு கன்னட அக்காவைக் கூப்பிட்டேன். நான் கன்னடத்தில் எழுதியிருந்த 'வருந்துகிறோம்' வாக்கியத்தைப் படித்துவிட்டு, "இது கோர்ட் பாஷை மாதிரி இருக்கு, யாரும் இப்படிப் பேச மாட்டாங்க" என்று சொல்லி, "தப்பாய்த்து, க்ஷமிசி" என்று தொடங்கி மூன்று வரி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்ட பிறகுதான் கோபம் தணிந்தது.

அன்றிரவு எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பஸ் எரியும் வீடியோவைப் போட்டு "நம்ம தெரு" என்றார். ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெருவில் நாய்கூட இல்லை. பத்து வருஷம் இங்கே சம்பாதித்தும் கன்னடம் ஒரு வரி வாசிக்கத் தெரியாமல், வந்ததையெல்லாம் ஃபார்வர்டு செய்யும் நம் ஆட்கள் மேல் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. நான் நாற்பது நாளில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். இன்றும் காலையில் முதலில் படிப்பது பிரஜாவாணி என்ற கன்னட நாளிதழைத்தான்.

இன்ஸ்டாகிராம் மாதிரி இடங்களில் நிறையப் பேர் பின்தொடரும் இன்ஃப்ளூயன்சர்களை வைத்துப் பதிவு போடும் வேலையும் உங்கள் தலையில் விழும். காசு வாங்கிப் போடும் பதிவில் 'விளம்பரம்' என்று தெரியும்படி போட வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர கவுன்சிலின் 2021 விதி. கிளையன்ட் அதை மறைக்கச் சொல்வார். முடியாது என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள்.

நான் வந்த காலத்தில் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை மூடியே நிற்கும். 1991-லிருந்து அப்படி. 2009 ஆகஸ்ட் 9-ல் திறந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். அந்தச் சப் எடிட்டரும் வந்திருந்தார், ரிட்டயர் ஆகி. கன்னடத்திலேயே பேசினேன். என் தோளைத் தட்டி, ஒரு வினைச்சொல்லைத் திருத்தினார்.

அந்த ஏரிப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு வீடு காலியாக இருக்கிறது. வந்து இறங்கியதும் சொல்லுங்கள், கூட வருகிறேன்.