காசிமேட்டு அம்மாவுக்கு: திராட்சைப் படிப்பு பற்றி

அம்மா, வணக்கம்.

போன வாரம் பொண்ணோடு வந்தபோது நீங்கள் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "ஒயின் படிப்பாம் சார். இதுக்கா கருவாடு வித்து இவளைப் பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வெச்சேன்?" என்று கேட்டீர்கள். குடிக்கு வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவர் நீங்கள். நின்ற இடத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

நம்ம பக்கம் ஒயின் ஷாப் என்றால் பிராந்தியும் ரம்மும் விற்கிற கடை. உங்கள் பொண்ணு சொல்வது வேறு. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் மார்ல்பரோ என்று ஒரு கடலோரப் பகுதி இருக்கிறது. செம்மறியாடு மேய்ந்த நிலம்; 1973-ல்தான் அங்கே வணிக அளவில் திராட்சை நடத் தொடங்கினார்கள். இன்று சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் அதன் ஒயினுக்கும் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஊர் அது.

அதற்குப் பெரிய காரணம் கடல். வெயில் மண்டையைப் பிளக்கும்போது மத்தியானம் கடற்காற்று திரும்பினால் துறைமுகத்தில் எல்லோருக்கும் உயிர் வருமே, அதே வேலையைத்தான் அந்தக் காற்று திராட்சைக்குச் செய்கிறது. அங்கே கடலே குளிர்ந்த கடல், ராத்திரி இன்னும் குளிர். பழம் நிதானமாகப் பழுக்கும். சூடான ஊரில் இனிப்பு ஏறுவதற்குள் புளிப்பு போய்விடும். அங்கே இரண்டும் சேர்ந்து நிற்கும். பச்சைக் குடைமிளகாயை நறுக்கினால் ஒரு வாசனை வருமே, அதைத் தருகிற மெத்தாக்சிபைரசின் என்ற பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. கொத்தின் மேல் வெயில் கூடினால் அது குறையும். ஆகவே எத்தனை இலையைக் கிள்ளுவது, எந்த நாளில் பறிப்பது என்று கணக்குப் பார்க்கத் தெரியவேண்டும். பாதி விவசாயம், பாதி வேதியியல்.

அன்றைக்கு நீங்கள் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று நடந்தது. மேசையில் வண்ணாரப்பேட்டையில் வாங்கிய பன்னீர் திராட்சை இருந்தது. என்னிடம் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் குழல் ஒன்று உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு பழத்தைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு 17-ல் நின்றது. அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை. உடனே அடுத்த பழம், அப்புறம் கொத்தின் அடியில் இருந்த பழம் என்று தானே பிழிந்து பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டாள். "ஒரே கொத்துல ஏன் சார் மாறுது?" என்று கேட்டாள். பல வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன் அம்மா. இந்தக் கேள்வி எல்லோருக்கும் வராது.

ஆனாலும் கடைசியில் வருவது மதுதான், மறைக்க மாட்டேன். அந்தக் குழலில் 22 காட்டும்போது பறித்த பழத்தின் சாறு குளிர்ந்த எஃகுத் தொட்டியில் சில வாரம் புளித்தால் 12, 13 சதவீதம் ஆல்கஹால் ஆகும். ருசி பார்க்கிறவர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள், விழுங்குவதில்லை. அப்படியும் உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் அவளிடமே சொல்லுங்கள். அவள் கேட்பாள்.

என் யோசனை இது. இப்போதே வெளிநாடு வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. தோட்டக்கலை, நான்கு வருஷம். பெரியகுளத்திலேயே கல்லூரி இருக்கிறது. பன்னீர் திராட்சை விளைகிற கம்பம் அதே தேனி மாவட்டம்தான். நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இந்தப் பட்டம் இருந்தால் ஒயின் பக்கமே போகாவிட்டாலும் வேலை தேடலாம். அதற்குப் பிறகும் ஆசை மாறவில்லை என்றால், நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் திராட்சை, ஒயின் துறைக்கென்றே பட்டதாரி டிப்ளமோ இருக்கிறது.

அந்தக் கட்டத்தில் இரண்டு விஷயத்தை நன்றாக விசாரிக்க வேண்டும். ஒன்று, அங்கே அறுவடை மார்ச், ஏப்ரலில்தான். அப்போது இரவு பகலாக ஷிப்ட்; மற்ற மாதங்களில் வேலை நிச்சயமா என்று கேட்கவேண்டும். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்தை வைக்கவே வைக்காதீர்கள். இன்னொன்று, சாறு புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வந்து தாழ்வான இடத்தில் தேங்கும். பாதாளச் சாக்கடையில் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தவர்களை நம் பகுதியில் பார்த்திருக்கிறோம். அதே மாதிரி ஆபத்து இதிலும் உண்டு. பாதுகாப்புப் பயிற்சி தராத இடத்தில் அவள் தொட்டிப் பக்கமே போகக் கூடாது.

வியாழக்கிழமை ஏலம் முடிந்து பத்து மணிக்கு மேல் இரண்டு பேரும் வாருங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறாவதிலிருந்து படித்த பள்ளிச் சான்று மூன்றையும் எடுத்து வாருங்கள். விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.