லெட்டர்பேடில் போட்ட கையெழுத்து யாரைக் கட்டும்?

பல்கலைக்கழக ஊழியர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். வக்கீலாகத் தம்பு செட்டித் தெருவுக்கு வருவதற்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டியவள் நான். பாதிக் கடிதங்களைப் படிக்கும்போதே கோப்பில் யார் என்ன குறிப்பு எழுதியிருப்பார் என்பது தெரிந்துவிடுகிறது.

கேள்வி: மேடம், நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். போன பிப்ரவரியில் துறையில் நடந்த இரண்டு நாள் கருத்தரங்குக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். சாப்பாடு, ஷாமியானா, நாற்காலி எல்லாவற்றுக்கும் ஒரு கேட்டரிங்காரருக்குத் துறை லெட்டர்பேடில் ஆர்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மொத்தம் 1,38,000 ரூபாய். கொட்டேஷன் வாங்க நேரமில்லை. தொகை சிறியதாக இருந்தால் கொட்டேஷன் கேட்க மாட்டார்கள், மூன்று பில்லாகப் பிரித்து வாங்கினால் போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தணிக்கையில் மூன்றையும் நிறுத்திவிட்டார்கள். “சார், கையெழுத்து நீங்கதானே போட்டீங்க” என்று கேட்டரிங்காரர் தினமும் போன் செய்கிறார். என் சம்பளத்திலிருந்துதான் கொடுக்க வேண்டுமா?
– பெயர் வேண்டாம், மயிலாப்பூர்

பதில்: பில் நகல்களையும் அனுப்பியிருந்தீர்கள். தேதிகள் 3, 6, 10 என்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. பில் எண்களோ 411, 412, 413. ஒரு வாரம் முழுக்க அந்த மனிதருக்கு உங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே வரவில்லை என்று தணிக்கைக்காரர் நம்ப வேண்டுமாம்! போதாததற்கு மூன்றும் ஒரே பேனாவில் எழுதியவை.

முதலில் கையெழுத்து விஷயம். பல்கலைக்கழகம் என்பது சட்டத்தின் கண்ணில் தனி நபர். தன் பெயரில் ஒப்பந்தம் போடலாம், வழக்குப் போடலாம், அதன் மேலும் வழக்குப் போடலாம். ஆனால் அதற்காக யார் கையெழுத்துப் போடலாம் என்பதை அதன் சட்டமும் விதிகளும்தான் சொல்லும். பெரும்பாலான இடங்களில் அது பதிவாளர். துறைத்தலைவருக்குச் சிறு தொகை வரை அதிகாரம் கொடுத்து ஆணை இருக்கும். ஒருங்கிணைப்பாளர் என்று அழைப்பிதழில் பெயர் போட்டதால் மட்டும் அந்த அதிகாரம் வந்துவிடாது.

சரி, பணம் யார் தலையில்? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 230-இன்படி, ஒருவருக்காக அவருடைய முகவர் போட்ட ஒப்பந்தம் பொதுவாக அந்த முகவரைத் தனிப்பட்ட முறையில் கட்டாது. ஆனால் இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டி ஒருவரை நம்ப வைத்தால், நிர்வாகம் அதை ஏற்காத பட்சத்தில், நம்ப வைத்தவர்தான் இழப்பீடு தர வேண்டும் என்கிறது பிரிவு 235. உங்களுக்குக் கத்தி இருப்பது இங்கேதான். தப்பிக்கும் வழி பிரிவு 196-இல் இருக்கிறது: நிர்வாகம் பின்னேற்பு கொடுத்தால், அதாவது நடந்ததைப் பிறகு ஏற்றுக்கொண்டால், ஆரம்பத்திலிருந்தே அதிகாரம் இருந்தது போலத்தான்.

கேட்டரிங்காரருக்கும் ஒரு பிடி உண்டு. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் சட்டப்படி ஒருவர் செய்ததன் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது பிரிவு 70. முறையான ஒப்பந்தமே இல்லாமல் அதிகாரிகள் கேட்டுக்கொண்டதற்காகக் கட்டடம் கட்டிக் கொடுத்த மண்டல் என்ற ஒப்பந்தக்காரருக்கு மேற்கு வங்க அரசு பணம் தந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான். சாப்பிட்டது பல்கலைக்கழகத்தின் விருந்தினர்கள். கேட்டரிங்காரர் வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. இதை நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள், வேலை செய்யும்.

இப்போது செய்ய வேண்டியது, துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்கு ஒரு குறிப்பு. மூன்று பில்லும் ஒரே நிகழ்ச்சிக்கான ஒரே செலவு என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். வருகைப் பதிவேடு, அழைப்பிதழ், கருத்தரங்குக்கு வந்த நிதி ஒதுக்கீட்டு ஆணை எல்லாவற்றையும் இணைத்துப் பின்னேற்பு கேளுங்கள். வாய்மொழியாகப் பிரிக்கச் சொன்ன அலுவலகத்தார் இனி அடுத்த யோசனை சொல்வார்கள்: பழைய தேதி போட்டு மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்துவிடலாம் என்று. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். இதுவரை உங்கள் மேல் இருப்பது நடைமுறைக் குறைபாடு. போலி கொட்டேஷன் உள்ளே வந்தால் அது கிரிமினல் வழக்கு. அரசுக் கொள்முதலுக்கான தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 பல்கலைக்கழகங்களையும் கட்டும். விதியிலிருந்து தப்பச் செலவைத் துண்டு போடுவதைத்தான் எந்தத் தணிக்கையும் முதலில் தேடும். என்னைக் கேட்டால், நீங்கள் போட்ட கையெழுத்தைவிட அந்த மூன்று பில்தான் பெரிய தலைவலி.

கேள்வி: தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். என் மனைவி அம்பத்தூரில் ரசாயனம், கண்ணாடிப் பொருள் விற்கும் கடை தொடங்கியிருக்கிறாள். எங்கள் ஆய்வகத்துக்கே சப்ளை செய்யலாமா? தனியார்தானே, அரசு விதி எதுவும் வராதே? இல்லையென்றால் கடையை மச்சான் பெயருக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: தனியார் என்ற தைரியம் வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டம், 1988 பல்கலைக்கழகப் பேராசிரியர் முதல் ஊழியர் வரை எல்லோரையும் பொது ஊழியர் என்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் அதில் அடக்கம் என்று 2020-இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனைவி கடை வைப்பது குற்றமில்லை. என்ன பிராண்ட், என்ன தரம் என்று இண்டென்ட் (வாங்கித் தரச் சொல்லும் கோரிக்கை) எழுதுவது நீங்கள், பாட்டிலை எண்ணி வாங்குவது நீங்கள், ஸ்டாக் ரிஜிஸ்டரில் “நல்ல நிலையில் பெறப்பட்டது” என்று கையெழுத்துப் போடுவதும் நீங்கள் என்றால் அங்கேதான் சிக்கல். விலை விசாரிப்புக் கடிதம் வெளியே போகும் முன்பே, இது என் மனைவியின் கடை என்று எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இந்த மூன்று வேலையிலிருந்தும் விலக்கச் சொல்லிக் கேளுங்கள். மற்ற கடைக்காரர்களின் ரேட் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில்கூட வாயில் வரக்கூடாது. இவ்வளவுக்கும் பிறகு நிர்வாகம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், சென்னையில் வேறு ஆய்வகங்களா இல்லை?

மச்சான் யோசனையைப் பற்றி: மாற்றிய தேதியே மறைக்க நினைத்ததற்குச் சாட்சி.

கேள்வி: பல்கலைக்கழகத்தின் சிவில் இன்ஜினியரிங் துறையில் இருக்கிறேன். சோழிங்கநல்லூரில் ஒரு பில்டர் மண் பரிசோதனை அறிக்கை கேட்கிறார். ‘ஜிபே நம்பர் குடுங்க சார்’ என்கிறார். வாங்கலாமா?
– வேளச்சேரி வாசகர்

பதில்: நம்பரைக் கொடுக்காதீர்கள். ஆய்வகமும் கருவியும் பல்கலைக்கழகத்துடையது. அறிக்கைக்கு மதிப்பு வருவதும் அதன் பெயரால்தான். கன்சல்டன்சிப் பணத்துக்கென்று எல்லா இடத்திலும் ஒரு வழி வைத்திருப்பார்கள். ஐஐடி மெட்ராஸில் இதற்கென்றே தொழில் ஆலோசனை, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்கள் இடத்தில் அதற்கு இணையான பிரிவுக்குப் பில்டரைக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஜிஎஸ்டியோடு பணம் அங்கே போகும், உங்கள் பங்கு விதிப்படி வரும். நாளைக்குச் சுவரில் விரிசல் விட்டால் அறிக்கைக்குப் பின்னால் நிறுவனமும் நிற்கும்.

கேள்வி: வகுப்புக்காக எழுதிய குறிப்புகளைப் பதிப்பகம் புத்தகமாகக் கேட்கிறது. காப்புரிமை எனக்கா, கல்லூரிக்கா?
– கௌரவ விரிவுரையாளர், பெரம்பூர்

பதில்: பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-இன்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கு. மணிக்கணக்கில் ஊதியம் வாங்கும் உங்களை ஊழியர் என்பதா என்பதே கேள்வி. 1916-இல் லண்டன் பல்கலைக்கழக வினாத்தாள் வழக்கில், ஊழியராக இல்லாமல் வினாத்தாளைத் தயாரித்தவருக்கே அதன் உரிமை என்றது இங்கிலாந்து நீதிமன்றம். உங்கள் நியமன ஆணையின் நகலை அனுப்புங்கள், அதைப் பார்க்காமல் பதிப்பகத்தின் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.